பதின்மூன்று மூக்குகள்

குர்லாவின் முலாம் பூசும் பட்டறைகளிலிருந்து
டாக்டர் தேஜஸ்வினி கராத் கொண்டுவந்தது
பதின்மூன்று பெயர், நான்கு கட்டம்.
காற்றுறிஞ்சி இல்லாத கொட்டகையில் ஆறு பேர்,
அவர்களில் ஐவருக்கு
மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை.
காற்றுறிஞ்சி சுழலும் கொட்டகையில் ஏழு பேர்,
இருவருக்கு.
அவ்வளவுதான் தரவு.
பரேல் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
மழை ஜன்னல் தாண்டி விசைப்பலகையில் தெறிக்கிறது,
துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டே கேட்கிறேன்.

கை வர்க்கச் சோதனையை அவளே போட்டுவிட்டாள்.
0.048.
மூக்கும் முழியுமான எண்.
இருபதில் ஒன்று என்ற வேலியை
மயிரிழையில் தாண்டி மூச்சுவாங்குகிறது.
“போதும்தானே மேடம்?
திங்கட்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்துவிடலாம்.
காற்றுறிஞ்சி வந்துவிடும்.”

கை வர்க்கம் கூட்டத்தில் வளர்ந்தது.
மாலை ஆறரை மணிக்குத் தாதர் பாலத்தில் நிறுத்து,
சொல்வதை நம்பலாம்.
கட்டத்துக்கு ஐந்து பேராவது
எதிர்பார்க்க இருக்கவேண்டும் அதற்கு.
இங்கே எந்தக் கட்டமும் நான்கைக்கூடத் தொடவில்லை.
வழுவழுவென்று ஒரு வளைகோடு வரைகிறது,
அடியில் இருப்பதோ செங்குத்துப் படிகள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான்,
அடுப்பும் ஒன்று, பானையும் ஒன்று என்றால்.

அவள் பையில் பட்டறைக்காரர்கள் கொடுத்த
அலமாரிக் குமிழ்கள், முகம் தெரியும் பளபளப்பு.
பதின்மூன்றை எண்ணி எடுத்தேன்.
ஏழின் அடியில் மார்க்கர் புள்ளி.
என் சாப்பாட்டு டப்பாவில் போட்டு
“குலுக்கு, பார்க்காமல் ஆறை எடு” என்றேன்.
டப்பாவுக்குக் கொட்டகை தெரியாது, அமிலம் தெரியாது.
மூன்று புள்ளி. நான்கு. மூன்றாவது தடவை
ஐந்து.
அவள் குலுக்குவதை நிறுத்தினாள்.

எடுக்கும் வழிகள் ஆயிரத்து எழுநூற்றுப் பதினாறு.
அதில் நூற்று எழுபத்தாறு
இதே அளவு கோணல், அல்லது இன்னும் கோணல்.
ஃபிஷரின் துல்லியச் சோதனை சொல்வது இவ்வளவே:
பத்தில் ஒரு தடவைக்குச் சற்று மேலே
டப்பாவே இதைச் செய்துவிடும்.

“வேறு சோதனை இல்லையா?”
இருக்கிறது. எப்போதும் இன்னொன்று இருக்கும்.
விடையைப் பார்த்தபின் அதைத் தேடுவது
லிங்க்கிங் ரோட்டில் செருப்புக்குப் பேரம்.
ஜூனில் நாமே கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது,
எண்ணிக்கை சிறிதானால் ஃபிஷர் என்று.
அவள் தாளைப் பார்க்கவில்லை.
குமிழ்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டாள்,
சத்தம் வரும்படி.

சனிக்கிழமை நானும் கூடப் போனேன்.
தொட்டிகள் ஆரஞ்சு நிறத்தில் கொதித்தன.
மூச்சு இழுத்தால் தொண்டையில் செம்புக்காசு.
பாலேஷ்வர், காற்றுறிஞ்சிக் கொட்டகை, நாற்பத்தொரு வயது,
நம் கணக்கைக் கெடுத்த இருவரில் ஒருவர்,
தையல் நூலை ஒரு நாசியில் விட்டு
மறு நாசியில் இழுத்துக் காட்டினார்.
சுற்றி நின்ற பையன்கள் கைதட்டினார்கள்.

“இந்தக் கொட்டகையில் எத்தனை வருஷம்?”
“ஏழு மாசம். அதுக்கு முன்னே அந்தப் பக்கம்,
பதினொரு வருஷம்.”

கராத் என்னைப் பார்த்தாள்.
எனக்குத் தெரியும் அவள் மனத்தில் நகரும் குமிழ்.
ஒரே ஒருவரை இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைக்கு.
நூற்று எழுபத்தாறு ஐம்பதாகச் சுருங்கும்,
வேலி பின்னால் போய்விடும்.
ஆயிரம் பேரில் பாலேஷ்வர் ஒரு தூசி.
இங்கே உலகத்தில் பதின்மூன்றில் ஒரு பங்கு.

இன்று நிற்கும் இடமே இடம் என்று
அதே ஜூன் தாளில் எழுதியிருந்தோம்.
யாரையும் அப்போது கேட்கவில்லை,
நேற்று எங்கே நின்றீர்கள் என்று.

அட்டவணையை அப்படியே விட்டேன். 0.10.
கீழே பாலேஷ்வருக்கு ஒரு முழு வரி.
அதற்குக் கீழே: தெரியவில்லை,
‘இல்லை’ என்று வாசிக்க வேண்டாம்.
இன்னும் நாற்பது பேர் தேவை,
அதுவரை காற்றுறிஞ்சி காத்திருக்கத் தேவையில்லை.
கடைசி வரியைக் கராத் சேர்த்தாள்.
புள்ளியியல் துறைக்கு அந்த வரியில் உரிமையில்லை,
நான் அடிக்கவில்லை.

கிளம்பும்போது பாலேஷ்வர்
நூலை விரலில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார்,
நாளையும் யாராவது பார்க்க வருவார்கள் போல.