கையெழுத்துப் பதிப்பு

அறுபது வாங்கிக் கடையில் அடுக்கலாமா வேண்டாமா என்று
எல்டா ப்ரூவிக் ஒன்றைக் கொடுத்தனுப்பினாள்.
ஒரு வாரம் வைத்திரு, லைல்.
பார்த்ததை எழுது. மழுப்பாதே.

கறுப்புப் பெட்டி. மூடியில் ப்ராம் ஹாலோவெல்
மூன்று நாள் தாடியோடு
பனியை முறைத்துக்கொண்டிருக்கிறார்.
பனி எங்களுடையது. பின்னால் தெரியும்
பிட்டர்ரூட் மலையும் எங்களுடையது.
விலை எண்பத்தொன்பது டாலர்.
அலகில் லேசரால் அவர் கையெழுத்து,
விளிம்புக்கு மிக அருகில்.

திறக்கும் சத்தம் நன்றாக இருக்கிறது.
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
சத்தத்துக்காகவே நாலைந்து பேர் வாங்குவார்கள்.

வைக்கோல் கட்டின் கயிறு:
நாற்பது கட்டு வரை வெட்டியது.
நாற்பத்தொன்றில் வெட்டுவதை விட்டுவிட்டு
அறுக்கத் தொடங்கியது.
என்ன எஃகு என்று பெட்டியில் இல்லை.
'விண்வெளித் தரம்' என்று மட்டும் இருக்கிறது.
விண்வெளியில் யார் வைக்கோல் போடுகிறார்கள், எல்டா?

பூட்டைச் சோதிக்க
அலகின் முதுகை வேலிக்கம்பத்தில் தட்டினேன்.
இரண்டு தட்டு தாங்கியது. மூன்றாவதில் மடங்கியது.
என் விரல் அங்கே இல்லை.
அது என் கெட்டிக்காரத்தனம்,
கத்தியினுடையது அல்ல.

ட்ரவுட் மீனின் செதில் அச்சாணியில் புகுந்து
இரண்டு நாள் நாறியது.
கிளிப் என் ஜீன்ஸ் பையைக் கிழித்தது.
தைத்துவிட்டேன்.

ஞாயிறு இரவு சாணைக்கல்லில் தீட்டினேன்.
இருபது இழுப்புதான்.
ஹாலோவெல்லின் கடைசி எழுத்து காணாமல் போனது,
பிறகு அதற்கு முந்தையது.
பெயர் இவ்வளவு சுலபமாகப் பெயரும் என்று
நான் நினைக்கவில்லை.

இதுவரை எழுதியது சுலபம்.
பிடி என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

'ப்ராம் ஹாலோவெல்லின் கைக்கு வார்த்த பிடி'
என்கிறது பெட்டி.
வெர்னா பிடித்துப் பார்த்தாள்:
விரல் போகும் பள்ளம் கோணலாக இருக்கிறதே என்றாள்.
உன் மகன் கார்ட் ஒரு மணி நேரம் மரம் சீவிவிட்டு
கொப்புளத்தைக் காட்டினான்.

என் கையில் அது உட்கார்ந்தது.
பதினாறு வயதில் ட்ரெய்லர் கதவில் நசுங்கி
இடப்பக்கம் சாய்ந்தே ஒட்டிய என் ஆள்காட்டி விரல்
அந்தக் கோணல் பள்ளத்தில்
மயிரிழை பிசகாமல் படுத்துக்கொண்டது.

ஒன்பது வருடம் முன்னால் இங்கே படம் எடுத்தார்களே,
அந்தப் பிப்ரவரி. அவருக்குக் குளிரில் கை நடுங்கியது.
நல்ல மனிதர். எனக்கும் காபி ஊற்றித் தந்தார்.
முகம் வரும்போது அவர்.
கத்தியைக் கிட்டத்தில் காட்டும்போது நான்.
சுள்ளி சீவியது, தீ மூட்டியது,
எல்க் மானின் தோலை உரித்தது
எல்லாம் நான்.
நாளுக்கு நூற்றுப்பத்து டாலர், மதியச் சாப்பாடு.

கடைசி நாள்
கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண்
களிமண் உருண்டையை நீட்டினாள்.
கத்தி பிடிப்பது போலப் பிடி,
இறுக்கு, அசையாதே என்றாள்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
அந்தக் குளிரில்
அது கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது.

வெர்னா வக்கீலைப் பார் என்கிறாள்.
நான் கத்தியைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.
தன் உறையைத் தன்னோடே சுமக்கிற பண்டம்.
கையெழுத்தில் எழுத்தை மட்டும்
கல் தின்றிருக்கிறது.

ஆகவே எல்டா,
அறுபது வேண்டாம். ஆறுகூட வேண்டாம்.
எஃகு மென்மை. பூட்டை நம்பிக்
குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு விற்காதே.
பிடி: ஒருவருக்குப் பொருந்தும்.

இந்த ஒன்றை நான் வைத்துக்கொள்கிறேன்.
என் கணக்கில் எழுதிக்கொள்.
கடை ஆட்களுக்குத் தரும் பத்து சதவீதக் கழிவு
எனக்கும் உண்டா?