அறுநூற்று நாற்பது

நண்டு ஆலையில் கையுறை கழற்றி
வீடு வந்து சேர இரவு பத்து.
புவெர்ட்டோ வில்லியம்ஸில் அதற்குமேல்
காற்றும் நாய்களும்தான் தெருவில்.
கூரைமேல் டிஷ், அதன் உதட்டில் பனி.
தம்பி நிபால்தோ துடைப்பக்கட்டையால் தட்டிவிட்டு
"இப்போ பார்!" என்று கத்துவான்.

பார்த்தேன்: அறுநூற்று நாற்பது.
என் விரல் அழுத்தியது வானத்துக்குப் போய்
சாந்தியாகோவில் இறங்கி
மறுபடி ஏறித் திரும்புகிற நேரம், மில்லிநொடியில்.

அதற்குள் சாவது சுலபம்.
என் திரையில் சுவருக்குப் பின்னால் ஒளிந்தாயிற்று;
எதிரியின் திரையில் இன்னும் வெட்டவெளியில் நிற்கிறேன்.
முதலில் விழுவேன்,
பிறகு வரும் வெடிச்சத்தம்,
பதினாறாம் நாள் கழித்துத்
துக்கம் கேட்க வந்த உறவுக்காரர் மாதிரி.

விளையாட்டுக்குள் ஒரு தரகன் இருக்கிறான்.
முகம் பார்ப்பதில்லை, மொழி பார்ப்பதில்லை,
கைத்திறமைகூட இரண்டாம்பட்சம்.
முதல் பொருத்தம் பிங்.
நாற்பதை நாற்பதோடு
கண் இமைப்பதற்குள் முடித்துவைப்பான்.
என் ஜாதகத்தை எடுத்ததும்
'தேடுகிறோம்' என்பான்.
இரண்டு நிமிடம்.
நான்கு.
'வட்டத்தை அகலமாக்குகிறோம்.'
அடுப்பில் விறகு திணித்து, சாக்ஸைக் காயப்போட்டு,
தேநீர் ஆறி ஏடு படிந்து

கடைசியில் யாரையாவது கூட்டிவருவான்.
இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே.
விட்டுவிட்டு நடப்பவர்கள்,
கதவுக்குள் பாதி உடம்போடு உறைந்துபோகிறவர்கள்,
சுட்ட குண்டை மறந்துவிட்டு மறுபடி சுடுகிறவர்கள்.
ஐந்தாறு பேர்தான் எங்கள் உலகம்.
அதில் ஒருவன் பெயர் 'நனைந்த காலுறை'.

ஒரு ஜூலை இரவு
பாலத்தின் நடுவில், ஒரு காலைத் தூக்கியபடி
அவன் அப்படியே நின்றுபோனான்.
என் துப்பாக்கிக்கு நேரே.
சுடவில்லை.
நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம்,
முந்தின சுற்றில் நான் நின்றுபோனபோது
அவன் என்னைச் சுற்றிச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தான்,
காவல் காக்கிற கோழி போல.

எழுதிக்கொண்டதெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் வராது.
"உனக்கும் காற்றா?"
"ஜெனரேட்டர். பதினொன்றரைக்கு நிறுத்துவார்கள்."
எந்த ஊர் என்று அடுத்த வாரம் கேட்கலாம் என்றிருந்தேன்.
நண்பராகச் சேர்க்கும் பொத்தானை அழுத்தத் தோன்றவில்லை.
தினமும் வருகிறவனிடம் யார் முகவரி கேட்பார்கள்?
பதினொன்று முப்பத்தொன்றுக்கு
பாலத்தில் அவன் உடம்பு மட்டும் நிற்கும்,
இருபது நொடி.
பிறகு அதுவும் இல்லை.

மார்ச்சில் கடலடியில் கேபிள் வந்தது.
மேயர் நாடா வெட்டினார், சாராயம் கொடுத்தார்கள்.
அம்மாவின் டாக்டர் நெற்றி சுருக்குவது
முதல்முறையாகத் திரையில் தெரிந்தது.
பிங் நாற்பத்தொன்று.
தரகனுக்கு மூன்று நொடி போதும் இப்போது:
கான்செப்சியோன் பையன்கள், ரோசாரியோ பையன்கள்,
எண்ணெய் விட்டதுபோல் ஓடுகிறவர்கள்.
ஒன்பதாவது நொடியில் என்னைக் கொன்றுவிட்டு
பெயர்கூடப் படிக்காமல்
அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள்.
முன்பெல்லாம் செத்தால் டிஷ்ஷைத் திட்டுவேன்.
இப்போது தெரிகிறது,
கையும் மந்தம்தான்.

இன்று சனிக்கிழமை.
நிபால்தோவிடம் நாலு படம் இறக்கச் சொன்னேன்.
"என்ன படம்?"
"எதுவானாலும். பெரிசாக."
அம்மாவின் போனில் பழைய புகைப்படங்கள் அத்தனையும்
மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன.
போதவில்லை, நூற்று எண்பது.
ரவுட்டரை நண்டு வேகவைக்கும் பானைக்குள் இறக்கி
மூடியைப் போட்டேன்.

நானூறு. ஐந்நூற்றுப் பத்து.
இணைப்பு மோசம் என்று சிவப்பில் எச்சரிக்கை,
விட்டுப்போன ஊரின் பெயர்ப்பலகையைப் பார்த்தமாதிரி.

'தேடுகிறோம்.'
மணி பதினொன்று ஐந்து.
பக்கத்து அறையிலிருந்து தம்பி,
"அக்கா, நெட் போச்சு!"
"தெரியும்டா."
'வட்டத்தை அகலமாக்குகிறோம்.'

ஆக்கு.