பக்கம் 61 முதல் 71 வரை

வல்தீவியாவில் மழை பெய்கிறது என்று
யாரும் சொல்வதில்லை.
நின்றால்தான் சொல்வோம்.
அப்படி நின்றிருந்த ஒரு வியாழக்கிழமை
பால்தசாரின் அம்மா கிராசியேலா வந்து
போட்ட கையெழுத்தைத் திருப்பிக் கேட்டாள்.

நாற்பத்திரண்டு வயதில் எனக்கு முதுகலை.
பகலெல்லாம் இருபத்து நான்கு மூக்குகளைத் துடைத்துவிட்டு
இரவில், விறகடுப்பில் கால்களைக் காய்ச்சியபடி
'மூன்று வயதினரின் காத்திருப்பு: ஓர் உற்றுநோக்கல்'
என்று தட்டச்சு செய்கிறேன்.
தலைப்பைக் கேட்ட தம்பி
"பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார், பட்டம் தருவார்கள்" என்றான்.
ஆற்றோர மீன் சந்தையில் அவனுக்கு வேலை.
குடலும் தலையும் எறிவானென்று
அவன் கையையே பார்த்துக் கிடக்கும் கடற்சிங்கங்களிடம்
ஒருநாளாவது கேட்டிருப்பானா?

"காத்திருத்தலை வரையறு."
பேராசிரியர் ஓர்மேன்யோவின் சிவப்பு மை.
வேண்டியது வரும்வரை உடல் செய்வது, என்று எழுதினேன்.
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.
அது இன்றும் அங்கேதான் இருக்கிறது,
தொங்கவிட்ட கோட்டுக் கொக்கிபோல.

சூப் வருவதற்கு முன்
ஃபாகுந்தோ மேசை விளிம்பை நக்குவான்.
அம்பாரோ தன் பூட்ஸுக்குக் கதை சொல்வாள்,
வலது பூட்ஸுக்கு மட்டும்.
இடது கோபித்துக்கொண்டிருக்கிறதாம்.
எல்லாம் நேரத்தோடு, நிமிடத்தோடு.

குழந்தைகளிடமும் சம்மதம் வாங்க வேண்டும்.
படிவத்தில் இரண்டு முகங்கள்:
சிரிப்பது ஆம், உம்மென்றிருப்பது இல்லை,
ஒன்றுக்கு வண்ணம் தீட்டு.
பால்தசார் இரண்டுக்கும் தீட்டினான்,
நடுவில் ஒரு கதவும் வரைந்தான்.
இதற்கு என்ன பொருள் என்று முடிவு செய்ய
நெறிமுறைக் குழு மூன்று வாரம் எடுத்துக்கொண்டது.
பெரியவர்களின் காத்திருப்பு
என் ஆய்வில் சேராது.

ஜூன் பதினான்கு.
பதினொன்று இருபதிலிருந்து பதினொன்று நாற்பத்தாறு வரை
பால்தசார் செய்ததை எழுதி எழுதி
என் கட்டைவிரல் மரத்துப்போயிற்று.
பதினொரு பக்கங்கள்.
ஓர்மேன்யோ அவற்றில் ஒரு கமாவைக்கூடத் தொடவில்லை.
பதினெட்டு வருடம் இந்த வேலையில் இருக்கிறேன்.
ஒரே ஒருமுறை பார்த்தேன்.

"படித்தேன், நன்றாக இருக்கிறது" என்றாள் கிராசியேலா.
சால்மன் தொழிற்சாலையின் இரவு ஷிப்ட் முடித்து
நேராக வந்திருந்தாள்,
வெள்ளை ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.
"நான் பார்க்காததை
நூலகத்தில் எவரோ பார்க்க வேண்டாம்."

காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்:
ஷரத்து ஏழு.
நடுராத்திரி இரண்டு மணிக்கு நானே தட்டியது,
அரைத்தூக்கத்தில், மாதிரிப் படிவம் பார்த்து.
அவளோ காரணமும் சொல்லிவிட்டாள்.

அழித்தேன்.
நிச்சயமா என்று கேட்டது கணினி.
அதற்கென்ன, கேட்கும்.
எழுபத்திரண்டாம் பக்கம் நகர்ந்து வந்து
அறுபத்தொன்றாம் இடத்தில் உட்கார்ந்துகொண்டது,
சினிமாக் கொட்டகையில்
எழுந்து போனவரின் நாற்காலியைப் பிடிப்பவர்போல.

வாய்மொழித் தேர்வில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"இங்கே ஏதோ குறைகிறதே?"
ஆமாம், என்றேன்.
ஏழுக்கு ஐந்து புள்ளி எட்டு.
தம்பி வாங்கிவந்த கேக்கில்
என் பெயரில் ஓர் எழுத்து தப்பு.

அப்படி என்னதான் செய்தான் என்று நீங்களும் கேட்பீர்கள்.
இது ஆய்வேடு இல்லையே, கவிதைதானே, சொல்லிவிடலாமே
என்று எனக்கும் நாக்கு நமைக்கிறது.
ஷரத்து ஏழு இங்கேயும் செல்லும்.

இப்போதெல்லாம் வியாழக்கிழமைகளில்
இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிடுகிறாள்.
கதவுக் கண்ணாடிக்கு அப்பால் நிற்கிறாள்,
மூச்சுப் படிந்து மங்கும்போது
கையுறையால் துடைத்துக்கொண்டு.
உள்ளே வரச் சொன்னேன். மாட்டாளாம்.
நான் பேனாவை அலமாரிக்குமேல் வைத்துவிட்டு
குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்கிறேன்,
முழங்கால் முகவாயில் இடிக்க.
சூப் இன்னும் வரவில்லை.