சந்தேகப் படிவம்

பெயர் எழுதக் கூடாது, முதலெழுத்து போதும்
என்கிறது முதல் கட்டம்.
அ. என்று எழுதினேன்.
வயது நாற்பத்தாறு. எடை நாற்பத்தொன்று.
தொழிலைக் கேட்க அதில் இடமில்லை.
ஓரத்தில் பென்சிலால் போட்டேன்: நடவு.

கால்விரல் இடுக்கில் தொடங்கி
இடுப்பு மடிப்புவரை ஏறிய படர்தாமரைக்கு
திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரியின் இரண்டாம் ஜன்னலில்
அந்த மாத்திரையை எண்ணிக் கொடுத்தவன் நான்தான்.
தினம் ஒன்று, பதினான்கு நாள்.
காகித உறையில் சூரியன் வரைந்து கொடுத்தேன்.
மறுபடி வந்தாள். மறுபடி பதினான்கு.
அரிப்பு நின்றது,
ஜன்னலுக்கு அவள் வருவதும் நின்றது.
வராதவர்களைக் குணமானவர்கள் கணக்கில் வைப்பது எங்கள் வழக்கம்.
வெறும் அட்டையைக் கடைத்தெரு மெடிக்கலில் காட்டி
மேலும் ஒரு மாதம் வாங்கித் தின்றிருக்கிறாள்.
பிறகுதான் தெரிந்தது.

மாசியில் அவள் தெருவின் போர்த் தண்ணீர் உப்பேறியது.
கடல் அடியிலேயே நடந்து வந்துவிட்டது என்றார்கள்.
வட்டாட்சியர் அலுவலக வாசலில் பிளாஸ்டிக் குடங்கள்.
பருப்பு வேகல, டீ திரியுது, புள்ள குடிக்க மாட்டேங்குது.
அவ்வளவு சத்தத்துக்கு நடுவே ஒரே ஒருத்தி,
‘எனக்கு நல்லாத்தானே இருக்கு?’
சிரித்தார்கள்.
காசு வாங்கிட்டா என்றும் ஒரு குரல்.

ஜெசிந்தா சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.
தடுப்பூசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு
அவள் நாக்கில் ஒரு கல் உப்பு வைத்தார்.
‘கூழாங்கல்லு மாதிரி இருக்கு.’
சர்க்கரை?
‘மணலு.’

எப்போதிலிருந்து என்று கேட்கிறது படிவம், தேதியோடு.
குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டுகிறாய் என்று
மகன் தட்டைத் தள்ளிவிட்டுப் போன நாள்,
அதற்குத் தேதி இல்லை.
ரேஷன் உப்பைச் சந்தேகப்பட்டிருக்கிறாள்.
தூரம் நிற்கிற வயசைச் சந்தேகப்பட்டிருக்கிறாள்.
வெற்றிலையை விட்டுப் பார்த்திருக்கிறாள்.
காலுக்குத் தின்ற மாத்திரை
நாக்கைத் தேடிப் போகும் என்று யார் நினைப்பார்?

மேட்டூர் திறந்தால் நாள் எண்ணுகிற ஊர் இது.
என்னென்ன அடித்து வருகிறது என்று
தலைமடையில் நிற்பவனுக்குத் தெரியாது.
மருந்தையும் ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேரிடம் கொடுத்துப் பார்த்துவிட்டு
மடையைத் திறந்துவிடுகிறார்கள்.
பத்தாயிரத்தில் ஒருத்தி இருக்கிற வாய்க்காலுக்கு
அது வந்து சேர வருஷங்கள் ஆகின்றன.
நல்ல மருந்துதான், குறை சொல்லவில்லை.
இன்று காலையும் பதினொரு பேருக்குக் கொடுத்தேன்.
கொடுக்கும்போது கேட்கிறேன்,
‘சோறு ருசிக்குதா?’
வரிசையில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

நிறுத்தினீர்களா? ஆம்.
நிறுத்தியபின் மாறியதா? இன்னும் தெரியவில்லை.
மறுபடி கொடுத்துப் பார்த்தீர்களா?
அந்தக் கட்டத்தில் பேனா கொஞ்சநேரம் நின்றது.
இல்லை.
மறுபடி கொடுக்காமல்
உறுதி என்று எழுத முடியாதாம்.
மருத்துவர் ‘இருக்கலாம்’ என்பதில் குறியிட்டார்.
திருவாரூருக்கு அனுப்பினேன்.
அங்கிருந்து எங்கே போகும், யார் படிப்பார்,
எத்தனையாவது முதலெழுத்தாக அ. போய் நிற்பாள், தெரியாது.

பங்குனிக் கடைசியில் வந்தாள்.
கையில் சீட்டு இல்லை.
பின்னால் இருபது பேர் முணுமுணுக்க
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:
‘கரிக்குது சார்.
தூ... அந்தத் தண்ணி வாயில வைக்க முடியல.’
சொல்லிவிட்டுச் சிரித்தாள், பல்லெல்லாம் தெரிய.

‘குணமாகி வருகிறார்’ என்பதில் டிக் போட்டேன்.
மறுநாள் வட்டாட்சியர் வாசலில்
முன்வரிசையில் இருந்தது
அவளுடைய பச்சைக் குடம்.