ஐம்பதாவது கையெழுத்து

கோரைமுனை ஊராட்சிக்கு நான் செயலர்,
பதினோரு வருடமாய்.
எனக்கு ஓட்டு இங்கில்லை, திருவாடானையில்.
ஆகவே சபையில் நான் ஆள் இல்லை,
நோட்டைப் பிடித்திருக்கும் ஒரு கை.

குடியரசு நாள்.
முடிச்சு அவிழும் முன்பே
கொடியைப் பிடுங்கிக்கொண்டது வாடைக்காற்று.
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒன்பது பேர்.
வாங்கிய மிட்டாய் இருபத்தைந்து.
மீதியை என்ன செய்வது என்று
டீச்சர் என்னைப் பார்த்தார்,
அதற்கும் ஒரு கணக்குத் தலைப்பு இருப்பதுபோல.

பொருள் எண் ஏழு:
மக்கள்தொகை குறைந்துவிட்ட காரணத்தால்
இவ்வூராட்சியைப் பனையடியேந்தலோடு
இணைக்க இச்சபை ஒருமனதாகச் சம்மதிக்கிறது.
மேலிருந்து தட்டச்சாகவே வந்திருந்தது,
அந்த 'ஒருமனதாக' உட்பட.

ஐந்நூறு தலைக்குள் இருக்கும் ஊரில்
ஐம்பது பேர் கூடினால்தான் சபை.
ஆளில்லை என்று தீர்மானிக்க
ஐம்பது ஆள் வேண்டும்.

என் வீட்டுவரிப் பேரேட்டில்
நூற்று எழுபத்திரண்டு கதவு.
அறுபத்தெட்டில் பூட்டு.
உள்ளே முளைத்த சீமைக்கருவேலம்
கூரையைத் தூக்கிக்கொண்டு
யார் வந்தது என்று பார்க்கிறது.
அந்த வீடுகளுக்கு வரி வந்துவிடுகிறது,
ஷார்ஜாவிலிருந்து, செல்போனில், தேதி தவறாமல்.
குடியிருப்பவர்கள்தான் பாக்கி.

நொச்சிவலசையில் மூன்று பேர், தெருவிளக்கு ஆறு.
யாருக்கு இது என்றார் தணிக்கைக்காரர்.
இருட்டுக்கு என்று எழுத
அந்தப் படிவத்தில் இடமில்லை.

வழக்கமாக வசிக்கும் இடம் எது என்று
யாழ்ப்பாணச் சிறையில் இருக்கிற
ஆரோக்கியராயப்பனைப் பற்றிக் கேட்டபோது
அவன் மனைவி 'கடல்' என்றாள்.
நான் கோரைமுனை என்று எழுதினேன்.
அவனையும் சேர்த்துத்தான் நானூற்றுப் பன்னிரண்டு.

பதினோரு மணிக்கு நாற்பத்தொன்று.
தலைவர் ஜெய்னம்பு
நிழல் நகர நகர நாற்காலியை நகர்த்தினார்.
பன்னிரண்டுக்கு இரண்டு வல்லம் கரையேறியது,
ஆறு பேர் ஈரக் கையோடு வந்தார்கள்.
சுயம்புவின் பெயர் கசிந்து
சற்குணத்தின் பெயருக்குள் போய்விட்டது.
இரண்டாக எண்ணிக்கொண்டேன்.
உப்பளத்திலிருந்து இன்னும் இரண்டு.
நாற்பத்தொன்பது.

அப்போதுதான் குஞ்சரம் வந்தாள்,
பாசி மூட்டை தலையில், நீர் முதுகில் வழிய,
பாறை கிழிக்காமலிருக்க
விரல்தோறும் துணி சுற்றி.
கேட்டுக்கு வெளியே நின்றாள்.
"நான் எத்தனாவது ஆளு?"
ஐம்பது என்றேன்.
"அந்த ஏழை வாசிங்க சார்."
வாசித்தேன்.
"நான் உள்ள வந்தா சபை.
சபை கூடுனா ஊரு இல்ல. அப்படித்தான?"
"வேண்டாம்னும் சொல்லலாம்மா."
"சொல்லலாம்.
அதான் என்ன சொன்னோம்னு
முன்னாலயே அடிச்சு வந்துருச்சே."

மூட்டையை இறக்கி மணலில் உட்கார்ந்தாள்,
கேட்டிலிருந்து ஓரடி தள்ளி.
விரல் துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.
அழைக்க எழுந்த வார்டு உறுப்பினர்
வாசல்வரை போய்
செருப்பைத் தேடுவதுபோல் நின்றுவிட்டு
திரும்பி வந்தார்.
போட்ட கையெழுத்தை அடிக்கலாமா
என்று கேட்டார் ஜெய்னம்பு.
விதியில் இல்லை என்றேன்.
விதியை நான் திறந்தே பார்க்கவில்லை.

ஒரு மணி வரை காத்திருந்து எழுதினேன்:
கோரம் இல்லை. ஒத்திவைக்கப்படுகிறது.
தட்டச்சுத் தாளில் மற்றதையெல்லாம் அடித்தேன்.
'ஒருமனதாக' மட்டும் சரியாக இருந்ததால்
விட்டுவிட்டேன்.

டீச்சர் பதினாறு மிட்டாயோடு
கேட்டைத் தாண்டிப் போனார்.
பேருந்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம்.
பாசி வெயிலில் கறுத்து
எடை குறைந்துகொண்டிருந்தது.
யாரும் எழுந்து போகவில்லை.