நுரை அண்ணனுடையது

குளச்சலில் இருந்து ஏழு பேர் போயிருந்தோம்
நாகர்கோவிலுக்கு, பகல் காட்சிக்கு.
படத்துக்காக என்று சொல்ல முடியாது.
கடைசியில் ஓடும் எழுத்துகளில்
ஷிஜின் அண்ணன் பெயர் வரும்.
மூன்று வருடம் பெங்களூரில் உட்கார்ந்து
அவன் அலைகளுக்கு நுரை போட்டிருக்கிறான்.

நுரையைக் குறை சொல்ல மாட்டேன்.
திரை முழுக்க எங்கள் கடல்,
ஆடி மாதத்துக் கலங்கலோடு.
மண்டைக்காட்டுப் பக்கம் வெயில் சாயும்போது
தண்ணீரில் ஒரு செம்புத் தகடு மிதக்குமே, அதுவும் இருந்தது.
டச்சுக் கப்பலின் பீரங்கியில்
உப்பு அரித்த துரு, பொட்டுப் பொட்டாக.
பாப்கார்ன் வாய்க்குப் போகாமல்
சித்தப்பா "எம்மாடி" என்றார்.

அப்புறம் ஆட்கள் பேசத் தொடங்கினார்கள்.

ராஜா நின்றால் காற்று அடித்தது.
ராஜா நடந்தால் காற்று நின்றது.
எங்கள் கரை ஆள் ஒருவன் வாய் திறந்தான்:
"உத்தரவு, பிரபு."
எலே இல்லை, மக்கா இல்லை,
கப்பல் வந்து நிற்கும்போதும் ஒரு கெட்ட வார்த்தை இல்லை.
நான் செத்தால் வலைக்கடனை யார் அடைப்பது என்று
ஒருத்தனும் கேட்கவில்லை.
துடுப்பைத் தோளில் சாய்த்து
துப்பாக்கி மாதிரி காட்டி நின்றார்கள் என்று
எங்கள் ஊரில் சொல்வார்களே,
அதற்கு நாலு விநாடி. பின்னாலிருந்து.
ஒரே முதுகு, ஆயிரம் தடவை.

கழுத்தளவு தண்ணீரில் இறங்கி ஏறினார்கள்,
நனையவில்லை.

எனக்கு நகைக்கடை விளம்பரத்துக்கே கண் கலங்கும்.
அன்றைக்கு மூக்குக்கண்ணாடியைத் துடைக்கக்கூட
கழற்ற வேண்டி வரவில்லை.

பெயர் வந்தது.
எறும்புச் சாரையில் ஓர் எறும்பு போல.
கூட்ட வந்தவர் துடைப்பத்தோடு காத்து நிற்க
ஏழு பேரும் எழுந்து விசிலடித்தோம்.
போனை எடுப்பதற்குள் மேலே போய்விட்டது.

திங்கள்சந்தையில் பஸ் நின்றபோது அண்ணன் கூப்பிட்டான்.
"எப்பிடி இருந்து?"
கடல் நல்லா இருந்து, என்றேன்.
"ஆளுவ?"
நனையல்லியே.
கொஞ்ச நேரம் அவன் பக்கம் ஏசி சத்தம்.
"துணி நனையது வேற டிபார்ட்மென்ட் டே.
மொகம் வேற.
அழுகை ஹைதராபாத்துல."

பெல்சிட்டா மைனி கையை நீட்டிப் போனை வாங்கினாள்.
தியேட்டரை விட்டு வந்ததில் இருந்து
அவள் ஒன்றும் பேசியிருக்கவில்லை.
"தொடக்கத்துல ஒருத்தன் ஒத்தையா
கட்டுமரத்துல போனாம்லா, நீலத் தலைக்கட்டு,
கப்பலு வாறதுக்கு முந்தி.
அவன் கரை வந்தானா?
கடைசி வரைக்கும் பாத்துட்டே இருந்தேன்.
காணல்ல."

பஸ் கிளம்பியது.
ஸ்பீக்கரில் அண்ணன் எதையோ தட்டித் தேடும் சத்தம்.
"அவன அந்த ஒரு ஷாட்டுக்கு செஞ்சது.
திரும்பி வாறதுக்கு ஃபைலு இல்ல."

வில்லுக்குறிப் பாதையில் போகிற வண்டியின் வெளிச்சம்
மைனியின் காதோரம் வந்து போனது.
"அப்பம் நீங்க செய்யுங்க" என்றாள்.

"எனக்கு நுரை மட்டுந்தான் தெரியும்"
என்றான் அவன்.