ஐம்பத்திரண்டு

மெஸ்டியாவில் முதல் பனி விழுந்த அன்று
சுக்திதிக்கு வேன் ஓட்டுகிற பிமுர்ஸா
தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு வந்தான்.
கடைவாய்ப் பல்.
மூன்று நாளாகத் திராட்சைச் சாராயத்தில் கொப்பளித்திருக்கிறான்,
கொப்பளித்ததை வீணாக்கவும் இல்லை.

படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் சேர்த்து
மேலிருந்து கீழே நீளமாக ஒரே சொல்:
இல்லை.
இரத்தக் கொதிப்பு, இதயம், ஒவ்வாமை, மாத்திரை,
அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் பெயர்,
அதற்கும் இல்லை.
அவன் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ஊசிக்குழலில் குப்பியை ஏற்றி வைத்திருந்தேன்.
லிடோகெயின். கூட அட்ரினலின்,
லட்சத்தில் ஒரு பங்கு.
அந்த ஒரு பங்குதான் இரத்தக் குழாய்களை இறுக்கி
மரப்பை ஓடவிடாமல் உட்கார வைக்கிறது.
அது இல்லாவிட்டால்
சம்பள நாள் காசு மாதிரி
வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

மணிக்கட்டைப் பிடித்தேன், பழக்கத்தில்.
ஐம்பத்திரண்டு.
மறுபடி எண்ணினேன்.
ஐம்பத்திரண்டு.

எங்குரிப் பள்ளத்தின் விளிம்பில்
ஒற்றைக் கையால் பின்னுக்கு எடுத்து
லாரிக்கு வழிவிடுகிறவனும்
இந்த விளக்குக்குக் கீழே தொண்ணூறு துடிப்பான்.
இவன் நெற்றி வியர்த்திருக்கிறது,
காலணிக்குள் விரல்கள் சுருண்டிருக்கின்றன,
நாடி மட்டும் மதியத் தூக்கத்தில் கிடக்கிறது.
யாரோ அதன் கடிவாளத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

"என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்?"
"நோய்க்கு ஒன்றும் இல்லை."
"நோயில்லாததற்கு?"

கூரையைப் பார்த்தான். கதவைப் பார்த்தான்,
அது மூடியிருக்கிறதா என்று.
தங்கை மகன் கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை.
விருந்தில் வாழ்த்துச் சொல்லும் தலைவன் இவன்தான்.
நூறு பேர் முன்னால் கொம்புக் கோப்பையை உயர்த்தும்போது
கை நடுங்குகிறதாம்.
மருந்துக்கடை லாமாரா கொடுத்தாள்.
ஒரு வாரமாக, நாளுக்கு மூன்று, ஒத்திகைக்கு.
வெள்ளை. புரோ என்று ஏதோ ஆரம்பிக்கும்.

புரோப்ரனலோல்.
குப்பியைக் கழற்றித் தட்டின் அந்த மூலையில் வைத்தேன்.
ஒன்று குழாய்களை இறுக்க வரும்,
தளர்த்துகிற கதவை மற்றது முன்பே தாழிட்டிருக்கும்.
அழுத்தம் ஏறும்,
ஏற ஏற இதயம் இன்னும் மெல்ல நடக்கும்.
ஒரே குப்பிதானே, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.
பெரும்பாலும் என்ற சொல்லை
நான் சமையலில் மட்டும் பயன்படுத்துகிறேன்.

மெபிவகெயின், கலப்பில்லாதது.
இருபது நிமிடம் நம்பலாம், மேலே கேட்டால் பேராசை.

ஊசியை இறக்கித் தண்டைப் பின்னுக்கு இழுத்தேன்.
கண்ணாடிக்குள் ஒரு சிவப்பு நூல்
புகைபோல எழுந்தது.
குழாய்க்குள் இருக்கிறேன்.
வெளியே எடுத்தேன். வேறு குப்பி. ஓர் அரிசி அகலம் தள்ளி.
மறுபடி இழுத்தேன். தெளிவு.
பிறகு ஒரு முழு நிமிடம்
கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டே மெல்லச் செலுத்தினேன்.
மலைப்பாதையில் அவன் என்னை இப்படித்தான் ஏற்றிப் போவான்.

பதினேழாவது நிமிடம் பல் வந்தது, கொக்கி வேரோடு.
இரத்தம் அதிகம்தான்.
லட்சத்தில் அந்த ஒன்றின் அருமை
அது இல்லாதபோது பஞ்சுக்குத் தெரியும்.
மடித்து வைத்து, கடி என்றேன்,
நம்பாமல் நானும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நின்றேன்.

"ஞாயிறு?" என்றான், பாதி வாயால்.
மாத்திரையை நீயாகத் தொடங்கினாய், நீயாக நிறுத்தாதே,
நாளைக் காலை இதய டாக்டரிடம் போ.
உதடு திரும்பி வரும்வரை சூடாக எதுவும் வேண்டாம்,
அதைக் கடித்தால் உனக்கே தெரியாது.
சாராயம் பற்றி அவன் கேட்கவில்லை.
நானே சொன்னேன்.

படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
நீண்ட இல்லையை நடுவில் வெட்டி
மாத்திரைப் பெயரை எழுதினான், என்னிடம் எழுத்துக் கேட்டுக் கேட்டு.
அவசரத்துக்கு: மக்வாலா.
ஒரு வளைவுகூட நடுங்கவில்லை.
லாமாராவின் மாத்திரை
நல்ல மாத்திரைதான்.